வழி கேட்காமல் இறக்கிய மெசின்

நான் ஒரு வாடிக்கையாளரை இரும்புக் குழாயால் அடித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். கத்தியால் வெட்டினாள் என்று ஒரு கதை. மெசினை ஆளுக்கு மேல் ஏற்றினாள் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய். இரும்புக் குழாய். இரண்டு அடி. ஒன்று தோளில், மற்றது காலில். தோள் எலும்பு உடைந்தது. கால் வீங்கியது, உடையவில்லை.

எனக்கு முப்பது வயது. நெல் வெட்டும் மெசின் ஒன்று வைத்திருக்கிறேன். அண்ணன் அதை ஓட்டுகிறான், நான் தொழிலை நடத்துகிறேன். தொழில் நடத்துவது என்றால் என்ன என்று கேட்டால், ஆட்களின் கோபத்தை வாங்கிக்கொண்டு நிற்பது என்றுதான் சொல்வேன். மெசினை யாரும் ஓட்டலாம். கோபத்தை வாங்கிக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் வராது. எனக்கு வரும் என்றுதான் நானும் நினைத்தேன். நான்கு வருடம் அந்த வேலையைத்தான் செய்தேன்.

கிளிநொச்சி நகரத்தில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் கவுண்டரில் இருந்தேன். வாசலில் டோக்கன் கொடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அழுத்தினால் நம்பர் வரும். நம்பர்படிதான் கூப்பிட வேண்டும். பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்: கத்துகிற ஆளோடு கத்தக்கூடாது, குரலை இறக்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன். ஒருநாள் ஒரு பெரிய மனுசன் நம்பர் இல்லாமல் முன்னுக்கு வந்தார். டோக்கன் எடுங்கோ ஐயா என்றேன். கையில் இருந்த போனை என் முகத்துக்கு எறிந்தார். புருவத்தில் மூன்று தையல். இரத்தம் வழிய வழிய முகாமையாளர் என் காதுக்குள் சொன்னார்: "தங்கச்சி, மன்னிப்புக் கேட்டு ஒரு சொறி சொல்லிவிடும். அவர் கொஞ்சம் செல்வாக்கான ஆள்."

நான் சொறி சொன்னேன். தையல் போடுவதற்கு முன்னால் சொன்னேன். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போனார், தன் போனையும் பொறுக்கிக்கொண்டு.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒன்று முடிவு செய்தேன். ஒருநாள் எனக்கென்று ஒரு தொழில் இருக்கும். அதில் நம்பர் இல்லாமல் முன்னுக்கு வருபவனை விட மாட்டேன். அடிப்பவனிடம் சொறி சொல்ல மாட்டேன். வேறு பெரிய இலட்சியம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அப்பா கரைவலை. கரைவலையில் முறை என்று ஒன்று இருக்கிறது. கடற்கரையில் வலை இழுக்கும் இடத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது. இன்று காலை உன் முறை, மத்தியானம் என் முறை. மீன் கூட்டம் எப்போது வந்தாலும் முறைக்காரன்தான் வளைக்க வேண்டும். ஒருமுறை அப்பாவின் முறையில் இன்னொருவன் வள்ளத்தை இறக்கினான். அப்பா கயிற்றைப் பிடித்தார். அவன் கத்தியால் கயிற்றை வெட்டினான், அப்பாவின் உள்ளங்கையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. பிறகு சித்தப்பா துடுப்பால் அடித்து அவன் பல்லை உடைத்தார். ஊரில் யாரும் சித்தப்பாவைப் பிழை சொல்லவில்லை. பங்குத்தந்தைகூட ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். முறை என்றால் முறை. எனக்கு ஏழு வயதிலேயே அது தெரியும்.

ஆகவே வயல் பக்கத்து மெசின்காரர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தபோது எனக்குப் பற்றியெரிந்தது. காலபோகம் என்கிற மாரிக்கால நெல் அறுவடைக்கு வெளி மாவட்டங்களில் இருந்து மெசின்கள் வரும். ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு தரகர். எந்த வயல் முதல், எந்த வயல் பிறகு என்பதெல்லாம் அவர் வாயில். கவுண்டருக்கு வரும் கமக்காரர்கள் என் முன்னால் நின்றே தரகருக்குப் போன் எடுப்பார்கள். கெஞ்சுவார்கள். பிறகு தூசணத்தால் திட்டுவார்கள். கனகராயன்குளத்து ஆள் ஒருவர், என் அப்பாவின் வயதிருக்கும், போனை நிலத்தில் அடித்து உடைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்து அழுதார். மெசின் பக்கத்து வயலுக்கு வந்துவிட்டுத் தன் வயலுக்கு வராமல் போய்விட்டதாம்.

இவர்களுக்கு வேண்டியது ஒரு டோக்கன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கெட்டித்தனமும் இருந்தது, முட்டாள்தனமும் இருந்தது. முட்டாள்தனம் பிறகுதான் தெரிந்தது.

அப்பாவின் வள்ளத்தையும் வலையையும் விற்றோம், மிச்சத்துக்கு லீசிங். பழைய மெசின், ஆனால் என்ஜின் நல்லது. கார்ட் அடித்தேன்: சொன்ன நாளில் வருவோம். கீழே என் நம்பர். முதல் எடுக்கிறவருக்கு முதல் டோக்கன். பெரியவர், சின்னவர், சொந்தக்காரர் என்று ஒன்றும் இல்லை.

முதல் போகம் கிளிநொச்சிப் பக்கம் வெட்டினோம். பெரிய வாய்க்கால் வயல்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தால் றோட்டு. டோக்கன்படி போனோம், வெட்டினோம், வந்தோம். சனத்துக்கு நம்ப முடியவில்லை. பளையில் ஒரு ஆள் தன் முறைக்கு மெசின் சரியாக ஏழு மணிக்கு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உண்மையா வெட்டத்தான் வந்தனீங்களோ, இல்லை படம் எடுக்கவோ?" என்று கேட்டார். தரகர்களுக்கும் நம்ப முடியவில்லை. ஒருநாள் மெசினை ஏற்றிக்கொண்டு வரும்போது இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து கல் எறிந்தார்கள். முன் கண்ணாடி நொறுங்கி அண்ணனின் மடியில் கொட்டியது. அண்ணன் இறங்கிக் கலைக்கப் பார்த்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நாளைக்கு வேலை இருக்கு, ஏறு" என்றேன். அப்போது எனக்கு என்மேல் மிகுந்த மரியாதை வந்தது. நான் கோபத்தை வெல்லத் தெரிந்தவள் என்று.

அடுத்த காலபோகத்தில் உடையார்கட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா எனக்குப் போன் எடுத்தா. ஒரு சின்னக் குளத்தின் கீழே நாலு ஏக்கர். கணவன் இல்லை. மகள் பல்கலைக்கழகம் போக இருக்கிறாள். நெல் முற்றிவிட்டது, முதல் நாள் காற்றில் பாதி படுத்துவிட்டது. மழை வந்து தண்ணீர் நின்றால் கதிர் அப்படியே முளைத்துவிடும், அது மாட்டுக்குத்தான். மழை வரும் என்று றேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எத்தனை ஏக்கர், என்ன நெல், எவ்வளவு படுத்திருக்கிறது, மெசின் இறக்க றோட்டுக் கரை இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. அந்தக் குளத்தின் கீழ் அவதான் முதல் எடுத்தவா. நம்பர் ஒன்று கொடுத்தேன். அடுத்த இரண்டு நாளில் அதே வாய்க்காலில் இருந்து வேறு ஆட்களும் எடுத்தார்கள். வரிசையாகக் கொடுத்தேன். பதினொன்று ஒரு ஆண் குரலுக்குப் போனது. பத்து நாள் கழித்துப் போதும் என்றார் அவர்.

ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. உங்கள் வயலுக்கு யாருடைய வயலுக்குள்ளால் வர வேண்டும்? இப்போது யார் போன் எடுத்தாலும் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். வயல் வேலை தெரிந்த எந்த மனுசனும் அதைத்தான் முதல் கேட்பான். சின்னக் குளங்களின் கீழே ஒவ்வொரு வயலுக்கும் றோட்டு இல்லை. வாய்க்கால் கரையில் முன் வயல், அதற்குப் பின்னால் அடுத்தது, அதற்கும் பின்னால் அடுத்தது. முன் வயல் வெட்டினால்தான் அந்த அரிதாள் ஒட்டின்மேல் மெசின் பின்னுக்குப் போகலாம். முன் வயல் முற்றாவிட்டால் முதல் நாள் பின்னேரம் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் வழி கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால் விடியத் தானே வந்து, எந்த ஓரத்தால் போகலாம் என்று தடி நட்டுக் காட்டி, மெசினுக்கு முன்னால் நடப்பார். கேட்டால் இல்லை என்று சொல்வது குறைவு. கேட்காமல் இறங்குவது என்பது அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்று.

வழி கேட்டு வீடு வீடாகப் போவது யார்? தரகர். நான் திருடன் என்று நினைத்த அதே தரகர். அவர் செய்த உருப்படியான வேலை அதுதான். அவரை வெட்டி எறிந்த எனக்கு அது தெரியாது. தரகர் இல்லாத மெசினில் வழி யார் கேட்பார்கள் என்று அக்காவுக்கும் தெரியாது. மெசின்காரப் பெட்டை கேட்டிருப்பாள் என்று அவ நினைத்தா. நான் ஒன்றையும் நினைக்கவில்லை.

விடிய ஏழு மணிக்கு மெசினை வாய்க்கால் கரையில் இறக்கினோம். முன்னால் பச்சையும் மஞ்சளுமாக நெல் நிமிர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் தூரத்தில் அக்காவின் வயல், படுத்துக் கிடந்தது, யாரோ பாய் விரித்தது போல. முன் வயலில் ஐம்பது ஐம்பத்தைந்து வயது ஆள் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் மடை வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

"ஆர் நீங்கள்?"

"வெட்டு மெசின். பின்னால அக்கான்ர வயலுக்கு."

"எந்த வழியால?"

"இதால தான்."

அவர் சிரித்தார். "இது வழியில்லைப் பிள்ளை. இது என்ர வயல்."

"ஓரத்தால போறம். பன்னிரண்டு அடி போதும். நட்டத்துக்குக் காசு தாறன்."

"ஆரிட்டக் கேட்டுட்டு வந்தனீங்கள்?"

"அக்கா டோக்கன் எடுத்தவா. நம்பர் ஒண்டு."

"எனக்கும் தந்தனீங்கள்தானே, பதினொண்டு. என்ர பதினொண்டை உழக்கிக்கொண்டு அவான்ர ஒண்டுக்குப் போகப் போறியளோ? நல்ல கணக்கு இது."

வரம்பில் நின்ற மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அண்ணன் மெசின் சீற்றில் இருந்தபடி என்னைப் பார்த்தான்.

அந்த ஆள் பொய்யன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மார்கழி வெள்ளம் அவருடைய முதல் விதைப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் மறுபடி விதைத்தார். அதனால்தான் மற்ற வயல்கள் முற்ற, அவருடையது பிந்தியது. கதிரில் இப்போதுதான் பால் இறுகிக்கொண்டிருந்தது. வயலில் இன்னும் தண்ணீர். அதற்குள் மெசினை இறக்கினால் நெல் மட்டும் போகாது. மெசினின் சங்கிலிச் சக்கரம் உழக்கி நிலத்தைக் கிடங்கும் குழியுமாக்கிவிடும், வரம்பு உடைந்து தண்ணீர் முழுக்க ஓடிவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நம்பர் ஒன்றுக்கு முன்னால் நம்பர் பதினொன்று நிற்கிறது.

"எந்த ஊர் பிள்ளை?" என்றார்.

"கரை."

"அதுதானே பாத்தன். கடலுக்கு வரம்பில்லை, வள்ளத்தை எங்காலையும் விடலாம். டோக்கனை விரிச்சு அதில ஏறிப் பறந்து போங்கோ."

மறுபடி சிரிப்பு. ஒருவன், "மீன் வெட்டுற கத்தியால நெல்லு வெட்ட வெளிக்கிட்டா இப்பிடித்தான்" என்றான்.

அப்போது அக்கா சைக்கிளில் வந்து சேர்ந்தா. மூச்சு வாங்கியது. அவரையும் மெசினையும் பார்த்தவுடன் அவவுக்கு விளங்கிவிட்டது.

"தங்கச்சி, நீங்கள் அண்ணையிட்டக் கேக்கேல்லையோ?"

"நான் ஏன் கேக்கோணும்? உங்கட வயல், நீங்கள் எல்லோ கேட்டிருக்கோணும்."

"தரகர்தானே எப்பவும் கேக்கிறவர். நான் நினைச்சன்..." நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினா. "அண்ணை, பிழை என்ரதான். கோவிக்காதேங்கோ. படுத்துப் போச்சுது, உங்களுக்குத் தெரியும்தானே."

"உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்லை" என்றார் அவர். "பின்னேரம் வீட்ட வாங்கோ. கதைப்பம். தண்ணியைக் கொஞ்சம் வடிய விட்டு, கீழ்ப் பக்கத்து ஓரத்தால என்னெண்டு பாப்பம்."

அவர் சம்மதித்துவிட்டார். அந்தப் பக்கத்துப் பேச்சில் அது சம்மதம். அக்காவின் முகம் இளகியது. என்னிடம் வந்து கையைப் பிடித்தா.

"நாளைக்கு விடிய வாங்கோ தங்கச்சி. ஒரு நாள்தானே. ஏதோ செய்வம்."

நாளைக்கு எனக்கு வேறு ஊரில் வேலை இருந்தது. சின்ன வேலை, மாற்றியிருக்கலாம். மாற்ற மனம் வரவில்லை. வரம்பில் நின்றவர்களின் சிரிப்பு முதுகில் இருந்தது. ஒரு ஆள் சொன்னதற்காக என் முறையை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் மாற்றச் சொல்வார்கள். தொழிலில் முதல் முறை வளைந்தால் பிறகு வளைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதை இன்றும் நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் சொன்னதுதான் பிழை.

"நாளைக்கு எனக்கு வேற நம்பர்" என்றேன். "இண்டைக்கு இல்லையெண்டா பிறகு எட்டு நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டன்."

அக்காவின் கை என் கையில் இருந்து விழுந்தது.

"அண்ணா, இறக்கு."

"எடியே, வேண்டாம். அந்தாள்தான் பின்னேரம் எண்டு சொல்லுதே."

"இறக்கு எண்டு சொன்னனான்!"

அண்ணன் நான் சொன்னால் கேட்பான். அது அவன் குணம். மெசினை முறுக்கி வரம்பில் ஏற்றினான். சங்கிலி வரம்பை உடைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கியது. ஆறேழு அடி போயிருக்கும். தண்ணீர் சளசள என்று வெளியே ஓடத் தொடங்கியது. அந்த ஆள் ஓடி வந்தார். மெசினுக்கு முன்னால் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பக்கத்தால் ஏறி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து விழுத்தினார். சேற்றில் முகம் குப்புற விழுந்தவனை மண்வெட்டிப் பிடியால் அடித்தார். காதோடு சேர்த்து ஒரு அடி. அண்ணனின் காதில் இருந்து இரத்தம் சேற்றுத் தண்ணீரில் இறங்கியது.

மெசினின் பக்கப் பெட்டியில் இரும்புக் குழாய் ஒன்று வைத்திருப்போம். சங்கிலியை இறுக்கும்போது ஸ்பானரில் செருகுவதற்கு. நான் அதை எடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை. கையில் இருந்தது ஞாபகம். அவர் இரண்டாவது அடிக்கு ஓங்கினார், நான் அவரது தோளில் போட்டேன். காய்ந்த பனைமட்டை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. மண்வெட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கையைத் தூக்க முடியாமல் சேற்றில் கிடந்தார்.

இந்த அடிக்கு நான் எந்த நீதிமன்றத்திலும் ஞாயம் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். என் அண்ணனை அடித்துக்கொண்டிருந்தவனை அடித்தேன்.

பிறகு மறுபடி அடித்தேன். காலில். விழுந்து கிடந்த ஆளை, மண்வெட்டி கைக்கு எட்டாத ஆளை. அதற்கு என்னிடம் ஞாயம் இல்லை. வக்கீல் பயம் என்று சொல்லச் சொன்னார். பயம் இல்லை. இன்னும் ஒன்று போட வேண்டும் போல இருந்தது, போட்டேன். போட்டபோது நன்றாக இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் இருந்தது.

மூன்றாவதுக்கு ஓங்கியபோது அக்கா அவருக்கு மேல் விழுந்து மறைத்தா. முகம் முழுக்கச் சேறு. என்னைப் பார்த்துக் கத்தினா:

"போடி! உன்ர மெசினையும் கொண்டு போ! போய்த் துலை!"

அதுவரை தங்கச்சி. அதுவரை வாங்கோ போங்கோ. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவரது தோளைக் கட்டினா. "அண்ணை, அசையாதேங்கோ, அசையாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அவர் கெட்ட வார்த்தையால் என் அம்மாவைப் பேசிக்கொண்டிருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வரம்பில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. இறங்கி வந்தார்கள். என் தலைமயிரைப் பிடித்தது யார் என்று தெரியாது. விழுத்தி உதைத்தார்கள். விலாவில், வயிற்றில், முதுகில். ஒருவன், "பொம்பிளையடா, விடு" என்றான். இன்னொருவன், "அடிக்கேக்க பொம்பிளை மாதிரியோ அடிச்சவள்?" என்றான். அவன் கேட்டது சரி. என்னை விட்டுவிட்டு மெசினுக்குப் போனார்கள். பெல்ட்டுகளை வெட்டினார்கள், கண்ணாடியை உடைத்தார்கள், டீசல் தாங்கிக்குள் சேற்றை அள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு உடைப்பும் எனக்கு விலாவில் விழுந்த உதையை விட அதிகமாக வலித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அது அப்பாவின் வள்ளத்தையும் வலையையும் விற்று வாங்கிய சாமான்.

பொலிஸ் வந்தது. அவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அக்காவும் கூடவே போனா. அண்ணனை வேறு வாகனத்தில். என்னைப் பொலிஸ் கூட்டில் அடைத்தார்கள். பெண் பொலிஸ் ஒருவர் தண்ணீர் தந்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் பிஸ்னஸ் செய்யிற ஆளாமே, இப்பிடியோ பிஸ்னஸ் செய்யிறது?" எனக்கு அவரையும் அடிக்க வேண்டும் போல இருந்தது.

மழை அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கூட்டுக்குள் இருந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெயிலை நான் எவ்வளவு திட்டினேன் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பொறுத்திருந்தால் நாலு ஏக்கரும் வெட்டி, நெல்லைச் சாக்கில் கட்டியிருக்கலாம். அக்கா ஒரு தரகரைப் பிடித்து வேறு மெசின் கேட்டாவாம். மெசின் இருந்தது. வழி கொடுக்க ஆள் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில். மகன் வாய்க்கால் கரையில் கத்தியோடு நின்றானாம். "அப்பான்ர இரத்தம் காயேல்லை. ஆரின்ர மெசின் வந்தாலும் கொளுத்துவன்" என்றானாம். அவன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கையால் வெட்ட ஆள் தேடியிருக்கிறா. நாலு ஏக்கர் வெட்ட இப்போது எங்கே ஆள்? மூன்றாம் நாள் மழை கொட்டியது. மூன்று நாள் விடவில்லை.

பிணையில் வந்தபோது அண்ணனுக்கு ஒரு காது கேட்காது என்று தெரிந்தது. மெசின் பொலிஸ் வளவில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா சொன்னா, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே என்று. நான் அடுத்த நாளே போனேன். இரண்டு அரிவாளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. நம்பர் ஒன்று வெட்டப்படாமல் கிடந்தது. அதை நான் கொடுத்தேன். அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது.

வரம்பால் நடந்து போனேன். வரம்பால் நடக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. முன் வயலில் எங்கள் சங்கிலி உடைத்த இடத்தை மண் போட்டு அடைத்திருந்தார்கள். அந்த ஆறேழு அடிக்குள் நெல் கறுத்துக் கிடந்தது. அக்காவின் வயல் ஒரே தண்ணீர். கதிரைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக ஒரு முளை, பச்சையாக ஒரு நுனி. எல்லாம் இல்லை, மேட்டுப் பக்கம் கொஞ்சம் நன்றாக இருந்தது. அங்கே இறங்கி வெட்டத் தொடங்கினேன். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது. முதல் பிடியிலேயே சின்ன விரலை வெட்டிக்கொண்டேன். துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். மத்தியானம் வரை பத்துப் பதினைந்து கட்டு இருக்கும்.

மாடுகள் வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வரம்பில் வரிசையாக எட்டு ஒன்பது மாடுகள். பின்னால் அந்த ஆள். ஒரு கை கழுத்தில் தொங்கும் துணியில், மற்றக் கையில் தடி. அவருக்குப் பக்கத்தில் அக்கா. இருவரும் ஏதோ கதைத்துக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றார்கள்.

அவர்தான் முதலில் பேசினார்.

"இஞ்ச என்ன மீனோ பிடிக்கிறாய்?"

நான் வெட்டிய பிடியைக் கட்டின்மேல் வைத்தேன்.

"முதல் அடி சரி. உன்ர அண்ணனுக்காக அடிச்சாய். ரெண்டாவது ஏன் போட்டனி?"

"உங்களால எழும்ப ஏலாது எண்டு தெரியும். அதுதான் போட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். தடி கையில் இறுகுவது தெரிந்தது. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன், திருப்பியும் அடித்திருப்பேன். இரண்டில் எதற்கும் நான் தயாராகவே நின்றேன். அவர் காறித் துப்பினார். துப்பல் என் காலடியில் தண்ணீரில் விழுந்தது.

"அடுத்த போகம் உன்ர மெசின் இந்தக் குளத்துக்குக் கீழ வந்தா, உன்னையும் வச்சுக் கொளுத்துவன்."

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. செய்வார். அந்தக் குளத்தின் கீழே இன்றைக்கும் என் மெசின் போகவில்லை. மெசினைத் திருத்தி எடுத்த பிறகு மற்ற எல்லா இடமும் போகிறது.

நான் அக்காவைப் பார்த்தேன். "மேட்டுப் பக்கம் கொஞ்சம் நல்லாயிருக்கு. ரெண்டு நாளில வெட்டிப்போடுவன். ஒரு நாலைந்து மூட்டையாவது தேறும்" என்றேன்.

அவ என் கட்டுகளைப் பார்த்தா. ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்து ஊதினா. கையில் இருந்ததை எனக்குக் காட்டாமல் தண்ணீரில் போட்டா.

"நான் அண்ணையிட்டச் சொல்லிப்போட்டன்" என்றா. "மாடு தின்னட்டும் எண்டு."

அவர் நாக்கைச் சப்பி ஒரு சத்தம் எழுப்பினார். முதல் மாடு வரம்பில் இருந்து இறங்கியது. தண்ணீருக்குள் கால் புதையப் புதைய நடந்து வந்து என் கட்டு ஒன்றில் வாயை வைத்தது. பிறகு மற்றவையும் இறங்கின. நான் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். நாலு ஏக்கரும் போய்க்கொண்டிருந்தது, மெதுவாக, கடவாயில் அரைபட்டு.

"விலத்தி நில்லுங்கோ" என்றா அக்கா. "கொம்பன் முட்டும்."